பூப்போட்ட இடத்தில் மட்டும் ஏன் இறுகுகிறது?

டிசம்பர் விடுமுறைக்கு ஹொக்காய்டோ செல்லவிருக்கும் வாசகி ஒருவரின் கேள்வி இது: “முதன்முறையாக இரண்டு நிறத்தில் பூப்போட்டு ஸ்வெட்டர் பின்னுகிறேன். இடுப்பிலிருந்து ஒற்றை நிறத்தில் வந்தவரை அளவு சரியாக இருந்தது. நெஞ்சில் பூ தொடங்கியதும் சுருக்குப்பை வாய்போல இறுகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஒரு கண்ணிகூட (ஊசியில் போடும் நூல் வளையம்) குறையவில்லை. எங்கே தவறு?”

அவர் சொன்ன சுருக்குப்பையே பாதி விடை. முப்பத்திரண்டு டிகிரி வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்பவர்கள் சிங்கப்பூர் அலுவலகங்களின் ஏர்கானை மறந்துவிட்டவர்கள், அவர்களை விட்டுவிடுவோம்.

வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைத்த இரண்டு ஊசி) சுற்றிச் சுற்றிப் பின்னுவது தெரிந்த கதை. பூ வேண்டுமானால் ஒரு சுற்றில் இரண்டு நிற நூல் ஓடும். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் பிறந்த ஃபேர் தீவுப் பின்னலில் எத்தனை நிறம் தெரிந்தாலும், ஒரு சுற்றுக்கு இரண்டு நூலுக்கு மேல் போவதில்லை என்பதே மரபு. முன்பக்கம் ஒரு நிறம் கண்ணி போடும்போது, மற்றது பின்பக்கம் சும்மா நீண்டு போய், தன் முறை வரும் இடத்தில் எட்டிப் பிடிக்கும். அதை ஓடுநூல் என்போம். வில்லன் அதுதான்.

கம்பளி நூல் தானாக அவ்வளவு நீளாது. ஆனால் பின்னிய துணி நன்றாக நீளும். எப்படி? சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளிக்கு நடுவே தூரம் ஒரு விரற்கடைதான்; புள்ளிகளை வளைத்து வளைத்துப் போகும் கோடோ அதைப்போலப் பல மடங்கு. கண்ணியும் அப்படித்தான். ஒரு வரிசையை முடிக்க அதன் அகலத்தைப்போல மூன்று, நான்கு மடங்கு நூல் மிச்சம் இருக்க வேண்டும் என்று பின்னுபவர்கள் சொல்வது இதனால்தான். துணியைப் பக்கவாட்டில் இழுத்தால் வளைவுகள் நிமிர்ந்து அகலம் கொடுக்கின்றன. விட்டால் மீண்டும் வளைகின்றன. ரப்பரே இல்லாமல், வடிவத்தால் மட்டும் வந்த நெகிழ்ச்சி. ஓடுநூலுக்கு இந்தச் சேமிப்பு கிடையாது. அது நேர்கோடு. கோலத்தின் பின்னால் முறுக்காகக் கட்டிய கயிறு!

கணக்குப் போடுவோம். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்றால் ஒரு கண்ணியின் அகலம் சுமார் 4.5 மில்லிமீட்டர். ஐந்து கண்ணியைத் தாண்டும் ஓடுநூலுக்கு 22.5 மில்லிமீட்டர் வேண்டும். ஆனால் பின்னும்போது கண்ணிகள் வலது ஊசியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அந்த நிலையில் நூலை எட்டி இழுத்தால் ஓடுநூல் 15 மில்லிமீட்டரில் நின்றுவிடும். ஐந்து கண்ணிக்கு ஒருமுறை 7.5 மில்லிமீட்டர் பற்றாக்குறை. கண்ணி குறையாமலே அளவு குறைவது இப்படித்தான்.

ஆகவே நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும், வலது ஊசியின் கண்ணிகளை முழு அகலத்துக்குப் பரப்பிவிட்டு அடுத்த கண்ணியைப் போடுங்கள். கைப்பகுதிக்கு இன்னொரு வித்தை: குழாயை உள்வெளியாகத் திருப்பி, ஓடுநூல் வெளிப்புறம் இருக்கும்படி பின்னுவது. வெளிவட்டம் உள்வட்டத்தைவிட நீளம். துணி 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் கூடுதல் நூல் தானாக விழும். குழாய் பெரிதோ சிறிதோ, அந்த 12 மாறாது. 24 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கையில் அது 5 விழுக்காடு. ஒரு மீட்டர் உடம்பில் 1 விழுக்காடுதான். கைக்குப் பலிக்கும் வித்தை உடம்பில் அவ்வளவாகப் பலிக்காததன் ரகசியம் இதுவே.

ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோ என்ற இயற்பியலாளர் பின்னலின் நெகிழ்ச்சியையே ஆராய்கிறார். பாட்டிகளின் கைவேலைக்கு ஆராய்ச்சி நிதியா என்று சிரிப்பவர்கள் உண்டு. நீட்டம் வடிவத்திலிருந்து பிறக்கும் பொருளைப் புரிந்துகொள்ளச் செலவிடும் பணம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓடுநூல் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டினால் விரலும் மோதிரமும் மாட்டும். நடுவில் ஒருமுறை மற்ற நூலோடு முறுக்கிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே இடத்தில் முறுக்கினால் முன்பக்கம் கோடு தெரியும். இரண்டு நூலில் கீழிருந்து வருவது கொஞ்சம் அதிகத் தூரம் நடப்பதால் அதன் கண்ணி சற்றே பெரிதாகி எடுப்பாகத் தெரியும். பூவின் நிறத்தையே கீழே பிடியுங்கள். பாதியில் மாற்றினால் பூ திட்டுத்திட்டாகிவிடும். நிறத்தேர்வுக்கு இரண்டு நூலையும் சேர்த்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். ஒரே சாம்பலாகத் தெரிந்தால், சிவப்பும் பச்சையுமாகவே இருந்தாலும் பூ எடுபடாது. விளக்கு வைத்தபின் ஊசி கொடுக்கக்கூடாது என்பார்கள். லட்சுமிக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கருநீலத்தையும் கறுப்பையும் இரவு வெளிச்சத்தில் பிரிப்பது கடினம் என்பது நிஜம்.

மாதிரித் துண்டை வட்டமாகவே பின்னி, நனைத்து, காயவைத்து அளக்க வேண்டும், பூவுக்குத் தனியாக. 216 கண்ணி, 10 சென்டிமீட்டருக்கு 22 வீதம் என்றால் சுற்றளவு 98 சென்டிமீட்டர். பூவில் அதே ஊசி 24 கொடுத்தால் 90. எட்டு சென்டிமீட்டர் போச்சு! வழக்கமாக அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி போதும்: வெற்றுப்பகுதிக்கு 4 என்றால் பூவுக்கு 4.5. நம்மூர் ஈரக்காற்றில் விரல் பிசுபிசுத்தால் நூல் வழுக்காமல் கை இன்னும் இறுகும். மூங்கில் ஊசியைவிட உலோக ஊசி தேவலை.

முதல் ஸ்வெட்டருக்குச் சாதாரணக் கம்பளியே நல்லது. அதன் இழையின் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் கண்ணி நகராது. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று விற்கும் கம்பளியில் செதில்களை மழுக்கியிருப்பார்கள், நனைத்தால் தொங்கும். அடர்சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வருமானால், முதலில் சிவப்பு நூலை ஈரமான வெள்ளைத் துணியில் சுற்றிவைத்துச் சாயம் இறங்குகிறதா பாருங்கள்.

வாசகியின் இறுகிய நெஞ்சுக்கு வருவோம். நனைத்து இழுத்துக் காயவைத்தால் சரியாகுமா? ஒரு சென்டிமீட்டர் கிடைக்கலாம், எட்டு கிடைக்காது. பூ தொடங்கிய சுற்றுவரை பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் சுருண்டு நிற்கும். கம்பளிப் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் பழைய வளைவைப் பிடித்து வைத்திருப்பதால் அப்படி. நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவிடுங்கள். நீர் பிணைப்புகளை அவிழ்த்துவிடும். கசக்காதீர்கள், செதில்கள் பின்னிக்கொண்டு கம்பளி ஜமுக்காளமாகிவிடும். துண்டில் சுருட்டி ஒற்றி, மின்விசிறிக்கு நேரே தொங்கவிடுங்கள். இங்குள்ள ஈரப்பதத்துக்கு இரண்டு நாள் பிடிக்கலாம். உள்நூல் ஈரமாக இருக்கும்போது உருண்டையாகச் சுற்றினால் பூஞ்சை வாடை வந்துவிடும். காய்ந்ததும் 4.5 ஊசியை எடுங்கள்.