25 லிட்டர் சாறு கொதிக்க எவ்வளவு நெருப்பு வேண்டும்?

அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு மத்திய அரசின் தடை நீங்கியது 1978-ல், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால். மாநில அளவில் தடை வைத்திருந்த அலபாமாவும் மிசிசிப்பியும் இறங்கி வர 2013 ஆகிவிட்டது. இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர்களில் பலர் சமையலறை அடுப்பில் ஆரம்பித்து, சீக்கிரமே ஒரு புரொப்பேன் வாயு பர்னரோடு கொல்லைப்புறத்துக்கு வந்துவிடுகிறார்கள். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வாடை வீடு முழுக்க அடிப்பதும் ஒரு காரணம்தான். ஆனால் முக்கியமான காரணம் வெப்பக் கணக்கு.

ஒரு தடவைக்கு வழக்கமான அளவு 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர் பியர். அதற்கு, மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு 25 லிட்டர் அளவுக்குப் பானையில் இருக்க வேண்டும். அதை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 8,400 கிலோஜூல் பிடிக்கும். அதோடு முடிவதில்லை. அப்புறம் ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஹாப்ஸில் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) இருக்கும் அமிலங்கள் உருமாறிக் கசப்பாவது அந்தக் கொதியில்தான். மால்ட்டிலிருந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற பொருளும் உண்டாகிக்கொண்டே இருக்கும்; வேகவைத்த மக்காச்சோள வாடை அடிக்கும் அது ஆவியோடு வெளியேறியாக வேண்டும். அதனால் பானையை மூடி வைக்க முடியாது.

திறந்த பானையில் ஒரு மணி நேரத்தில் 4 லிட்டர் ஆவியானால் அதற்கே 9,000 கிலோஜூல் போய்விடும். கொதிநிலைக்குக் கொண்டுவந்ததைவிட இது அதிகம்! வேறு விதமாகச் சொன்னால், கொதி அடங்காமல் இருக்க 2.5 கிலோவாட் வெப்பம் பானைக்குள் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

சாதாரண வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் மணிக்கு 9,000 பி.டி.யூ. (அமெரிக்காவில் பர்னர்களுக்குச் சொல்லும் வெப்ப அலகு) தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 2.6 கிலோவாட். போதும்போலத் தெரிகிறதா? தீயில் பாதிக்கு மேல் பானையின் ஓரமாக நழுவிக் காற்றில் கலந்துவிடும். 40 சதவீதம் உள்ளே போனாலே நல்ல கணக்கு. அப்படியானால் கிடைப்பது ஒரு கிலோவாட். சூடேறவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; ஏறிய பிறகும் சாறு முணுமுணுக்குமே தவிரக் கொந்தளிக்காது.

கடையில் 55,000 பி.டி.யூ. பர்னர் கிடைக்கிறது. அது 16 கிலோவாட். அதே 40 சதவீதத்தில் பானைக்குள் 6.4 கிலோவாட். 22 நிமிடத்தில் கொதி வந்துவிடும். வந்த பிறகு தீயைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 2,00,000 பி.டி.யூ. என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'பாஞ்சோ' பர்னர் யாருக்கு? லூயிசியானாவில் பெரிய அண்டாக்களில் கிராஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகையை வேகவைப்பவர்களுக்கு அது சரி. 60, 70 லிட்டர் காய்ச்சுபவர்களுக்கும் சரி. 25 லிட்டர் பானைக்கு அடியில் வைத்தால் தீ பானையைச் சுற்றி மேலே ஏறி, காசு ஆகாயத்துக்குப் போகும். 5 காலன்காரர்கள் அதன் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

அட்டையில் உள்ள எண்ணைவிட நான் முதலில் பார்ப்பது காற்றுக் கதவைத்தான். ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று வேண்டும். நுண்துளையிலிருந்து சீறி வரும் வாயு பக்கத்துக் காற்றைத் தானே இழுத்துக்கொண்டு போகும்; எவ்வளவு இழுக்கிறது என்பதைத் தீர்மானிப்பது குழாயின் வாயில் திருகும் அந்தச் சின்னத் தகடு. காற்று குறைந்தால் மஞ்சள் தீ, பானையடியில் கரி. கூடினால் தீ பர்னரை விட்டு மேலே துள்ளும், சில சமயம் அணைந்தே போகும். நீலமாக, பர்னரை ஒட்டி நிற்கும் வரை திருக வேண்டும். அந்தத் தகடு துருப்பிடித்து இறுகாமல் நகர்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இன்னொன்று, ரெகுலேட்டர். இந்தப் பர்னர்களில் பல 10 அல்லது 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஓடுபவை. பார்பிக்யூ அடுப்பின் ரெகுலேட்டர் அரை பி.எஸ்.ஐ.கூடத் தராது, அதை மாட்டினால் தீ சோர்ந்துபோகும். பர்னரோடு வந்ததையே பயன்படுத்துவது நல்லது.

சிலிண்டருக்கும் ஒரு வரம்பு உண்டு. உள்ளே இருக்கும் திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைத் தன்னிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும்தான் எடுக்கும். 55,000 பி.டி.யூ.வுக்கு மணிக்கு 1.2 கிலோ வாயு செலவாகும். அந்த வேகத்தை 9 கிலோ சிலிண்டர் தாங்கும். பெரிய பாஞ்சோவை முழுத் தீயில் விட்டால் மணிக்கு 4 கிலோ. அப்போது திரவம் குளிர்ந்து, சிலிண்டரின் வெளிப்புறத்தில் வெண்பனி படியும். அழுத்தம் இறங்கும், தீயும் சுருங்கும். பனி படிந்த கோட்டுக்குக் கீழேதான் மிச்சத் திரவம் இருக்கிறது. சிலிண்டரைச் சாதாரண தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தினால் கொஞ்சம் தேறும். நெருப்பருகே மட்டும் கொண்டுபோகக் கூடாது.

நிரம்பிய பானை 30 கிலோவைத் தாண்டும் என்பதால் கால்கள் அகன்று, உயரம் குறைந்த சட்டமாகப் பாருங்கள். காற்றைத் தடுக்கும் தகடு இருந்தால் அதுவே பல ஆயிரம் பி.டி.யூ.வுக்குச் சமம். கார் ஷெட்டுக்குள் வைக்கலாமா என்றால், வேண்டாம்: கார்பன் மோனாக்சைடு தேங்கும், கசிந்த புரொப்பேன் காற்றைவிடக் கனமானதால் தரையிலேயே படரும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, குமிழி வருகிறதா என்று பார்க்கவும். சட்டென்று திறந்தால், குழாய் அறுந்துவிட்டதாக எண்ணி இணைப்பில் உள்ள பாதுகாப்புத் தடுப்பு வாயுவைக் குறைத்துவிடும். தீ சோர்ந்து, புது பர்னர் கெட்டுப்போனதுபோலத் தோன்றும். எல்லாவற்றையும் மூடி, இணைப்பைக் கழற்றி மாட்டி, நிதானமாகத் திறந்தால் சரியாகிவிடும்.