பல்லாங்குழிப் பலகையும் ஆறு புள்ளிகளும்

“ஃபோனே எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லுதே, இனி எதுக்கு பிரெயில்?” பார்வையற்ற பிள்ளையைப் பெற்றவர்கள் நாகர்கோவிலிலும் குளச்சலிலும் கேட்கிற கேள்வி இது. கைபேசி ‘மனம்’, ‘மணம்’ இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்லும். காதால் மட்டும் படித்த பிள்ளை எங்கே எந்த எழுத்து என்று திணறும். பிரெயில் என்பது தாளில் மேடாக எழும் ஆறு புள்ளிகளை விரலால் தடவி வாசிக்கும் எழுத்துமுறை. விரலுக்கு அந்தக் குழப்பமில்லை (எந்த எண் எந்த இடம் என்பது அடுத்த பத்தியில்): ‘ன’வுக்கு 5, 6 ஆகிய இரண்டு புள்ளிகள், ‘ண’வுக்கு 3, 4, 5, 6 என நான்கு.

வீட்டிலேயே தொடங்கலாம். பல்லாங்குழிப் பலகையை நெட்டுக்குத்தாகப் பிடித்து, மேலுள்ள மூன்று வரிசைகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற குழிகளில் துணியைத் திணியுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. புளியங்கொட்டையை 1, 3-இல் வைத்தால் ‘க’. 1, 2, 3-இல் வைத்தால் ‘ல’. ஆனால் இதிலேயே மாதக்கணக்கில் நிற்காதீர்கள். பிள்ளை புள்ளிகளை எண்ணிப் படிக்கப் பழகிவிடும். தாளில் புள்ளிகளுக்கிடையே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். எழுத்து முழுவதும் ஒரு விரல்நுனிக்குள் அடங்கும். எண்ணாமல் வடிவமாக உணர்ந்தால்தான் வாசிப்பு ஓடும்.

தமிழுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு பொறியும் உண்டு. ‘கொ’வுக்குக் கொம்பும் காலும் வேண்டாம்: ‘க’, அடுத்து ‘ஒ’, அவ்வளவுதான். பொறி, மெய்யெழுத்தில். அச்சில் எழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்குப் பதிலாக, பிரெயிலில் 4-ஆம் புள்ளி எழுத்துக்கு முன்னால் வரும். வளர்ந்தபின் பார்வை இழந்தவர்கள் பழைய கைப்பழக்கத்தில் அதைப் பின்னால் போட்டுவிடுவார்கள். பிரெயில் சிலேட்டில் (தாளைப் பொருத்திப் புள்ளி குத்தும் சட்டம்) எழுதும்போது வேறு வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பம்போலக் குத்த வேண்டும். அதனால் வாசிப்பு கைவந்தபிறகே குத்தூசியான ஸ்டைலஸைக் கொடுங்கள்.

அழுத்தித் தடவுவதுதான் பெரும் தவறு. புள்ளி மழுங்கும், விரலும் மரத்துப்போகும். இலேசாக இடமிருந்து வலமாக வழுக்கிச் செல்லட்டும். அண்டி (முந்திரி) ஆலையிலோ ரப்பர் பால்வெட்டிலோ காய்ப்பேறிய கையென்றால் மற்ற விரல்களையும் இடக்கையையும் முயன்று பாருங்கள். சர்க்கரை நோயால் விரல் மரத்தவர்களுக்குப் பெரிய புள்ளி அச்சு உதவலாம்.

நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டே! ஈரம் ஏறிய தாளில் புள்ளி அமுங்கிவிடும். பிரெயில் புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நிறுத்தி வையுங்கள்; சுவரை ஒட்டி வேண்டாம்.