கேன்சல்: கிராதியில் பிறந்த சொல்

காசோலையின் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து, நடுவில் 'கேன்சல்ட்' என்று எழுதித் தரும்படி வங்கியில் கேட்பார்கள். அந்தக் கோடுகளிலேயே சொல்லின் பொருள் இருக்கிறது.

லத்தீனில் 'கான்கெல்லி' என்றால் கிராதி, குறுக்குக் கம்பித் தடுப்பு. செல்லாமற்போன பத்திரத்தின்மேல் எழுத்தர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழிப்பார்கள். எழுத்துகள் கிராதிக்குப் பின்னால் நிற்பதுபோல் தோன்றும். அச்செயலே 'கான்கெல்லாரே'. பிரெஞ்சு வழியாக அது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

இதே கிராதியிலிருந்து ஒரு பெரிய பதவியும் பிறந்திருக்கிறது. ரோமானிய நீதிமன்றத் தடுப்பருகே நின்ற பணியாள் 'கான்கெல்லாரியுஸ்'. வாயிற்காவலாக இருந்தவர் எழுத்தரானார், பின்பு அரசனின் முத்திரையைக் காப்பவரானார். ஜெர்மனியின் ஆட்சித் தலைவரையும் பல்கலைக்கழக வேந்தரையும் 'சான்சலர்' என்பது அந்த வழியில்தான்.

தமிழில் நாம் சொல்லும் 'ரத்து' அரபு 'ரத்'திலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. திருப்பிவிடுதல், மறுத்தல் என்பது அதன் மூலப்பொருள். அப்படியானால் தமிழ்ச்சொல் இல்லையா என்றால், கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: அடித்தல். 'அடித்தல் திருத்தல் இன்றி எழுதவும்' என்று விண்ணப்பங்களில் படித்திருக்கிறோம். பின்னங்களைச் சுருக்கும்போது 'மேலும் கீழும் அடிபட்டுவிடும்' என்று கணக்காசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். லத்தீன் எழுத்தர் செய்ததையே, கோட்டால் எழுத்தை வீழ்த்துவதையே, இச்சொல்லும் காட்டுகிறது. எனக்கு இதைவிடப் பொருத்தமான சொல் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தமிழில் 'அழி' என்ற பெயர்ச்சொல்லுக்குக் கிராதி என்றே ஒரு பொருள் உண்டு. மலையாளத்தில் ஜன்னல் கம்பியும் சிறைக்கம்பியும் இன்றும் 'அழி'தான். அழிப்பதைக் குறிக்கும் வினையும் அதே ஒலியில் இருப்பது தற்செயல். லத்தீனோடு உறவு கொண்டாட அது சான்றாகாது. ஆனாலும் கிராதியும் அழிப்பும் இரு மொழிகளிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கும்போது மனம் மகிழ்கிறது.

எல்லா இடத்துக்கும் 'அடித்தல்' பொருந்தாது. ஆணையை விலக்கிக்கொள்ளலாம், பயணத்தைக் கைவிடலாம், உரிமத்தைப் பறிக்கலாம். ரயிலுக்கு மட்டும் 'ரத்து' இருந்துவிட்டுப் போகட்டும். 'நிறுத்தம்' என்று எழுதினால், ரயில் அங்கே நிற்கும் என்றல்லவா பயணிகள் காத்திருப்பார்கள்!