எந்தப் பவுடர் நல்லது என்று கேட்கும் பெற்றோருக்கு

போன செவ்வாய்க்கிழமை, கிளம்பும் நேரத்தில் ஓர் அம்மா ஆறு வயதுப் பையனோடு வந்தார். உட்காரும் முன்பே துணிப்பையை என் மேசையில் கவிழ்த்தார். சத்துபானம் இரண்டு டப்பா, ஆன்லைனில் வாங்கிய 'இம்யூனிட்டி' பவுடர் ஒன்று, கலர் கலராக வைட்டமின் மிட்டாய், யாரோ கொடுத்த கஷாயப் பொட்டலம்.

"இதுல எது மேடம் நல்லது? தம்பிக்கு மாசாமாசம் சளி புடிக்குது. எதிர்ப்பு சக்தியே இல்ல."

சேர்ந்து கணக்குப் போட்டோம். மாதம் 2,300 ரூபாய். அப்புறம் நான் கேட்டது ஒன்றுதான்: "நேத்து தம்பி என்ன காய் சாப்பிட்டான்?" யோசித்துச் சொன்னார், உருளைக்கிழங்கு வறுவல். முந்தாநாள்? தயிர்சாதமும் சிப்ஸும். கீரை? "வாயில வச்சா துப்பிருவான் மேடம்."

அவர்கள் வீடு திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம். கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிற ஊர். வீட்டு வாசலிலேயே முருங்கை மரம் நிற்கிறதாம். இந்த மாவட்டத்தில் பதினான்கு வருடமாக உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். இந்த ஒரு மாதத்தில் என் மேசையில் இப்படிப் பையைக் கவிழ்த்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சளி. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். நாற்பது பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து தும்முகிறார்கள், வேறு எப்படி இருக்கும்? ஒவ்வொரு சளியிலும் உடம்பு ஒரு கிருமியை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது. பிள்ளை நன்றாக விளையாடி, எடையும் உயரமும் ஏறிக்கொண்டிருந்தால் பதற வேண்டாம். ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை நிமோனியா வந்தாலோ, காதில் அடிக்கடி சீழ் வடிந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, காய்ச்சல் நாள்கணக்கில் விடாமல் இருந்தாலோ அது வேறு விஷயம். அப்போது என்னிடம் வராதீர்கள், நேராகக் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இனி, என்னை உண்மையாகவே கோபப்படுத்துகிற பேச்சுக்கு வருகிறேன்: எதிர்ப்பு சக்தியை 'ஏத்துவது'. மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி மாதிரி, மோட்டாரைப் போட்டால் ஏறும், நிறைய ஏறினால் நிறைய நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை. எதிர்ப்பு சக்தி என்பது ஒரு பொருள் அல்ல. தோல், குடல், எலும்பு மஜ்ஜை, ரத்த அணுக்கள் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. அந்த வேலை அளவுக்கு மீறிப் போனாலும் வியாதிதான். உடம்பின் காவல்காரன் ஒரு கெடுதலும் செய்யாத விருந்தாளியை அடிப்பதால் வருவது அலர்ஜி. சில வகை மூட்டுவாதம், சில தைராய்டு கோளாறுகள் எல்லாம் அவன் தன் வீட்டையே அடிப்பதால் வருபவை. ஆக, 'ஏத்த' வேண்டியதில்லை. அந்த வேலைக்குத் தேவையான சாமான் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். குறைந்திருந்ததைச் சரிசெய்தால் பெரிய பலன் கிடைக்கும். குறையே இல்லாதபோது மேலே மேலே கொட்டினால் பலன் இல்லை, சில சமயம் கெடுதலும் உண்டு.

குறையைச் சரிசெய்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 1990-ல் வெளியானது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். சாப்பாட்டிலிருந்தே கிடைக்கக்கூடிய அளவுதான் அது. அந்தக் குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். முருங்கைக்கீரையிலும் மஞ்சள் பூசணியிலும் கேரட்டிலும் இருக்கிற பீட்டா கரோட்டினைத்தான் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. உயிரைக் காக்கிற சத்து வாசலில் மரமாக நிற்கும்போது, டப்பாவுக்கு 2,300 ரூபாய் எதற்கு?

டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்பக்கம் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமாக இருப்பதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயருக்குள் சர்க்கரை இருந்தால் நீங்கள் வாங்கியதில் சர்க்கரை நிறைய. 'ஹெல்த் டிரிங்க்' என்று நம் உணவுச் சட்டத்தில் ஒரு வகையே கிடையாது. அந்தத் தலைப்பின் கீழ் பானங்களைக் காட்ட வேண்டாம் என்று ஆன்லைன் கடைகளுக்கு 2024 ஏப்ரலில் மத்திய அரசே சொன்னது.

சரி, சமையலுக்கு வருவோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, அதில் 100 கிராம் கீரை, கூடவே 100 கிராம் பழம் என்கிறது. நம் வீடுகளில் மலை மாதிரி சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். அந்த அளவைத்தான் மாற்றச் சொல்கிறேன். புது வகைக் காய் எதுவும் தேட வேண்டாம். அவரை, பீர்க்கை, சுரை, கொத்தவரை, வாழைத்தண்டு, எது மலிவாக இருக்கிறதோ அது. ப்ரோக்கோலி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களிடம் முட்டைக்கோஸைக் காட்டுகிறேன், இரண்டும் ஒரே குடும்பம்தான்.

முருங்கைக்கீரையை நான் செய்கிற விதம் இது. ஒரு பிடி பாசிப்பருப்பை மஞ்சள்தூள் போட்டு மலர வேகவைக்கிறேன். உருவிக் கழுவிய கீரை இரண்டு பிடியை அதில் போட்டு, மட்டான தண்ணீரில் ஐந்தாறு நிமிடம். கீரை நிறம் மாறிக் கறுப்பதற்குள் இறக்கிவிட வேண்டும். கடுகு, சீரகம், நசுக்கிய பூண்டு, சின்ன வெங்காயம், வரமிளகாய் தாளித்துக் கொட்டி, கொஞ்சம் தேங்காய்ப்பூ. எண்ணெயும் தேங்காயும் ருசிக்கு மட்டும் இல்லை. கொழுப்பு இல்லாமல் அந்தக் கரோட்டின் உடம்பில் சரியாகச் சேராது. அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் போச்சு. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள்.

இவ்வளவு நல்ல காயை வாங்கிவந்து சத்தை வடிகாலில் ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நறுக்கிய பிறகு கழுவாதீர்கள், முழுசாகக் கழுவி அப்புறம் நறுக்குங்கள். காலையில் சமைக்க ராத்திரியே பொடிப்பொடியாக நறுக்கித் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், ரசத்தில் சேருங்கள். பச்சை நிறம் மாறாமல் இருக்க ஆப்பசோடா போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: நிறத்தைக் காப்பாற்ற வைட்டமினைக் கொல்கிறீர்கள்.

அதே சமயம், பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து என்பதும் சரியில்லை. கேரட்டை வேகவைத்தால் அதிலிருந்து கரோட்டின் இன்னும் நன்றாகக் கிடைக்கும். சூட்டில் அதிகம் போகிறவற்றில் முக்கியமானது வைட்டமின் சி. அதற்குப் பழம் இருக்கிறது. எங்கள் பக்கம் பழநி அருகே ஆயக்குடிக் கொய்யா. எடைக்கு எடை பார்த்தால் ஆரஞ்சைப்போல நான்கு மடங்கு வைட்டமின் சி. கூடையில் வைத்து விற்பதால் ஆஸ்பத்திரிக்கு வாங்கிவர யாருக்கும் தோன்றுவதில்லை, ஆரஞ்சுதான் வருகிறது.

பச்சை ஜூஸ் குடிக்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். பசலை மாதிரிக் கீரைகளில் ஆக்ஸலேட் அதிகம், அளவு மீறினால் சிறுநீரகத்தில் படிகிற பொருள் அது. குழம்பில் ஒரு கரண்டி சாப்பிடுவது வேறு, தினமும் ஒரு கட்டுக் கீரையைப் பச்சையாக அரைத்து வடிகட்டி வெறும் வயிற்றில் குடிப்பது வேறு. இப்படிக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுப்போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிய பிறகு டாக்டர் கேட்டால், "உடம்புக்கு நல்லதுன்னுதான் குடிச்சேன்" என்கிறார்கள். கஷாயமும் அப்படியே. கொரோனா சமயத்தில் சீந்தில் என்ற மூலிகைக் கொடியைத் தொடர்ந்து எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். நாள்பட்ட நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்தக் கஷாயத்தையும் தொடங்க வேண்டாம்.

காய் சாப்பிடாத பிள்ளைக்கு என்ன செய்வது? அடிக்காதீர்கள், கெஞ்சாதீர்கள், செல்போனைக் காட்டி ஊட்டாதீர்கள். ஒரு புதுக் காய் பிடித்துப்போக பத்துப் பதினைந்து தடவை கூட ஆகலாம். ஒரே ஒரு துண்டு தட்டில் இருக்கட்டும். துப்பினால் துப்பட்டும், நாலு நாள் கழித்து மறுபடி வையுங்கள். அடைமாவில் முருங்கைக்கீரை, சப்பாத்தியில் துருவிய பூசணி, பருப்போடு கடைந்த பீர்க்கங்காய் என்று தொடங்கலாம். அப்பா தட்டிலும் அதே காய் இருக்க வேண்டும். "எனக்குக் கத்திரிக்காய் வேண்டாம்" என்று பிள்ளை முன்னால் சொல்லும் அப்பாக்களை என்ன சொல்வது, தெரியவில்லை. காயோடு பருப்பு, முட்டை, கொண்டைக்கடலை, மீன், எது வீட்டுக்குத் தோதோ அதுவும் வேண்டும். புரதம் இல்லாமல் வெறும் காய் பத்தாது.

இதைச் சொன்னதும் ஒரு பயம் வந்துவிடும். பூசணியும் கேரட்டும் நிறையச் சாப்பிட்ட பிள்ளையின் உள்ளங்கை மஞ்சளாகி, மஞ்சள் காமாலையோ என்று ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். கண்ணைப் பாருங்கள். கண் வெள்ளையாகவே இருந்தால் அது கரோட்டின் நிறம்தான், குறைத்தால் தானாகப் போய்விடும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

செவ்வாய்க்கிழமை வந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பையன் அதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். எழுந்தபோது அம்மா கேட்டார், "அப்ப இந்த டப்பாவெல்லாம்?" பிரித்ததைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிரிக்காததைக் கடையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அடுத்த மாதம் வரும்போது பை வேண்டாம், தம்பி என்றைக்கு என்ன காய் சாப்பிட்டான் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். துப்பியதையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.