நெல் மூடைப் பையும் தைத்தேனியம் குளோரைட்டுப் பயமும்

நெய்த பிளாஸ்டிக் பைகளின் தரத்தைப் பரிசோதிப்பது என் தொழில். பெரும்போக அறுவடை முடிந்து கிளிநொச்சிப் பக்கம் நெல் கட்டத் தொடங்கினால் என்னிடம் கேள்விகளும் வரும். கடைசியாக வந்தது புதுசு. "தம்பி, உந்தப் பையைத் தைத்தேனியம் குளோரைட்டு எண்ட மருந்து போட்டுத்தானாம் செய்யிறது. நெல்லுக்கு நஞ்சு இறங்காதோ?" கேட்டவர் பரந்தன் அம்மா ஒருவர். ஒருகாலத்தில் குளோரீன் தயாரித்த தொழிற்சாலை இருந்த ஊர்; குளோரைட்டு என்றதும் மூத்தவர்கள் யோசிப்பது நியாயம்தான்.

அவர் கேள்விப்பட்டதும் சரிதான். அந்தத் திரவம் பொல்லாதது. ஈரக்காற்றுப் பட்டதும் வெள்ளைப் புகை கக்கி அமிலம் விடும். ஆனால் அதைக் கையாள்வது வெளிநாட்டு ஆலைகளில், காற்றுப் புகாத கலன்களுக்குள். இங்கே வருவது செய்துமுடித்த பொலிபுரொப்பிலீன் மணிகள்; பை நெய்யும் பிளாஸ்டிக் அதுதான்.

அந்தத் திரவத்தைக் கொண்டுதான் ஊக்கி, அதாவது பிளாஸ்டிக் உருவாகும் வேதித்தாக்கத்தை நடத்திவைக்கும் பொருள், செய்வார்கள். ஊக்கி இல்லாமல் பையும் இல்லை. புரொப்பிலீன் வாயுவைச் சங்கிலியாகக் கோக்கும்போது ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மெதைல் கூட்டம் (ஒரு காபனும் மூன்று ஐதரசனும்) துருத்தி நிற்கும். கண்டபடி நின்றால் பிசுபிசுத்த பொருள்தான் கிடைக்கும். ஊக்கி அவற்றை ஒரே ஒழுங்கில் நிறுத்துவதால் சங்கிலிகள் நெருங்கிப் படிகமாகி, மூடையின் பாரம் தாங்கும் இழையாகின்றன. 1953 இல் ஜேர்மனியில் கார்ல் சீக்லர் இந்த வகை ஊக்கியைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் இத்தாலியில் யூலியோ நத்தா அதைக்கொண்டு பொலிபுரொப்பிலீன் செய்தார். 1963 இல் இருவருக்கும் நோபல் பரிசு.

ஆரம்பத்தில் ஊக்கி நிறைய மிஞ்சியது, கழுவி எடுத்தார்கள். பிறகு மக்னீசியம் குளோரைட்டின்மேல் ஏற்றிய ஊக்கி வந்தது. அதில் ஒரு கிராம் பல கிலோ பிளாஸ்டிக் தரும். கிலோவுக்குச் சில மில்லிகிராம் தைத்தேனியம்தான் மிஞ்சும், அதுவும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மிச்சக் குளோரீனை அடக்கக் கல்சியம் ஸ்டியரேட்டும் சேர்ப்பார்கள். இதற்காக நெல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றி. மாதக்கணக்கில் முற்றத்தில் கிடந்த பையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இழை பிளந்து தூள் விரலில் ஒட்டும். மெதைல் கூட்டம் தொங்கும் காபனிலுள்ள ஐதரசன் சுலபமாகக் கழலும். புறஊதாக் கதிரும் ஒட்சிசனும் அங்கேதான் சங்கிலியை அறுக்கின்றன. அந்தத் தூள் நெல்லோடு கலந்தால் புடைத்தும் முழுதாகப் போகாது. வயலில் விழுந்தால் மண்ணிலேயே கிடக்கும்.

அதைவிட எனக்கு ஆற்றாமை தருவது, மருந்து கலந்த விதைநெல் வந்த பையைக் கழுவி வீட்டு நெல் கட்டுவது. இழைகளின் இடுக்கில் தங்கிய மருந்து ஒரு அலசலில் போகாது. அந்த அம்மாவின் கொட்டிலிலும் இப்படியான பைகள் இருந்தன. அவற்றைத்தான் ஒதுக்கச் சொன்னேன்.

சோற்றுக்கான நெல்லைப் புதுப் பையில் கட்டி, நிழலில் பலகைமேல் அடுக்குங்கள். தூள் கொட்டும் பையை அடுப்பில் போடாதீர்கள். வெளியில்தான் அடுக்க இடமென்றால், புறஊதாத் தடுப்புச் சேர்த்த பையா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அப்படி வாங்கினாலும் மேலே படங்கு போட்டு மூடுங்கள்.