தொடையில் கட்டிய கருவிக்கு என்ன தெரியும்?

நின்டெண்டோ நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட ரிங் ஃபிட் அட்வென்ச்சர் விளையாட்டை ஆடுபவர், ஜாய்கான் என்னும் சிறு கருவி ஒன்றைப் பட்டையால் இடது தொடையில் கட்டிக்கொண்டு, இன்னொன்றைப் பொருத்திய வளையத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொள்கிறார். அவர் நின்ற இடத்திலேயே ஓடினால் திரையில் வீரன் ஓடுகிறான். உட்கார்ந்து எழுந்தால் எதிரிக்கு அடி விழுகிறது. இத்தனைக்கும் அவருடைய உடலை எந்தக் கேமராவும் படம்பிடிப்பதில்லை.

தொடைக் கருவிக்குள் இருக்கும் முடுக்கமானி, அதாவது வேக மாற்றத்தை அளக்கும் உணரி, விரல் நகத்தைவிடச் சிறிய சில்லு. அதில் சீப்புப் பற்களைப் போன்ற சிலிக்கான் நுண்தகடுகள் இரு வரிசைகளாகக் கோத்திருக்கின்றன. ஒரு வரிசை அசையாது, மற்றொன்று மெல்லிய வில்களில் தொங்குகிறது. கருவி நகரும்போது தொங்கும் வரிசை சற்றே பின்தங்குவதால், பற்களின் இடைவெளியும் அதனுடன் மின்தேக்குதிறனும், அதாவது அவை மின்னூட்டத்தைத் தேக்கும் அளவும், மாறுகின்றன; அந்த மாற்றத்திலிருந்தே அசைவு அறியப்படுகிறது. சும்மா இருக்கும்போதும் புவியீர்ப்பு அந்த வரிசையை இழுத்துக்கொண்டே இருப்பதால், கீழ்த்திசை எது என்பதும் கருவிக்குத் தெரியும். நிற்கும்போது செங்குத்தாக இருக்கும் தொடை, நன்றாக உட்காரும்போது ஏறத்தாழக் கிடைமட்டமாகிவிடும்; அந்தச் சாய்வைக்கொண்டே ஸ்குவாட்டின், அதாவது காதைப் பிடிக்காத தோப்புக்கரணத்தின், ஆழம் கணக்கிடப்படுகிறது. விரைந்த அசைவுகளில் புவியீர்ப்பையும் உடலசைவையும் முடுக்கமானியால் தனியே பிரித்தறிய முடியாது என்பதால், சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் உடனிருக்கிறது.

வளையம் அளப்பது விசையை. வளையத்தை அழுத்தும்போது, உள்ளே உலோகத்தின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய மின்தடம் இம்மியளவு நீண்டு மெலிகிறது. அதனால் அதன் மின்தடை மாறுகிறது. மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசு எடை காட்டுவதும் இதே முறையில்தான்.

இந்த விசை அளவுதான் பெரிய முன்னேற்றம் என்பது என் கருத்து. 2006இல் வந்த நின்டெண்டோவின் வீ விளையாட்டுக் கருவியின் ரிமோட்டில் கையசைவை அளக்க முடுக்கமானி மட்டுமே இருந்ததால், டென்னிஸ் ஆடுபவர் சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை வெடுக்கென்று அசைத்தாலே பந்து பறந்தது. வளையத்தை அப்படி ஏமாற்றுவது கடினம், அழுத்தாமல் அது வளையாது. அடுத்த ஆண்டு ஜப்பானில் வெளியான வீ ஃபிட் விளையாட்டின் பலகையும் விசையை அளந்ததுதான். அதன் நான்கு மூலைகளிலும் இருந்த எடை உணரிகள் தாங்கும் பளுவை ஒப்பிட்டு, உடலின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது சொன்னது. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை விசையை அளக்கும் ஆய்வகத்தின் விலையுயர்ந்த தளத்தோடு ஒப்பிட்டு, நிற்கும் சமநிலையை அளக்க அதுவும் ஏற்றதே என்று 2010இல் எழுதினார்கள்.

அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கினெக்ட் என்னும் விளையாட்டுக் கேமரா, அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் வீசி, அவை விழும் இடங்களின் மாற்றத்திலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, முழு உடலையும் பார்த்தது. ஆனால் அதற்குக் குறைந்தது 6 அடி இடைவெளி வேண்டும். சிறிய கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டுத்தான் உடற்பயிற்சியே தொடங்க வேண்டியிருந்தது. 2017இல் அதன் உற்பத்தி நின்றது.

தொடைக் கருவிக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. ஆனால் முழு உடலையும் அது அறியாது. முதுகு நிமிர்ந்திருந்தாலும் கூனியிருந்தாலும் தொடையின் சாய்வு ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால், தவறான ஸ்குவாட்டுக்கும் திரையில் பாராட்டு கிடைத்துவிடும். பழகும் நாட்களில் பக்கவாட்டில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்துக்கொண்டால் அந்தக் கூனல் நம் கண்ணிலாவது படும்.