குளத்து மட்டிக்கு ஒரு மீன் வேண்டும்

சிறுபோகம் முடிகிற காலத்தில் திருகோணமலைப் பக்கம் கந்தளாய்க் குளத்தோரமாக நடந்தால், தண்ணீர் விலகிய ஈரச் சேற்றில் யாரோ விரலால் இழுத்த மாதிரி வளைந்து வளைந்து ஒரு கோடு போவதைப் பார்க்கலாம். கோடு முடிகிற இடத்தில் மண்ணிறமும் கறுப்புமாக ஒரு மட்டி பாதி புதைந்து கிடக்கும். வற்றுகிற தண்ணீரைத் துரத்தி, தன் ஒற்றைக் காலை நீட்டி நீட்டி அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

"இதை ஏன் தம்பி பொறுக்கிறீங்க, கடல் மட்டி மாதிரி ருசி இருக்காது" என்றார் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அண்ணன். கிண்ணியாப் பக்கத்து மட்டிக் கறியைச் சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனால் இந்த நன்னீர் மட்டி சும்மா கிடக்கும் பிராணி இல்லை. ஒரு குழாய்வழி தண்ணீரை இழுத்து, செவுளில் பாசித்துகளையும் பக்டீரியாவையும் பிடித்துக்கொண்டு, மறு குழாய்வழி தெளிந்த தண்ணீரை விடுகிறது. சில இனங்களில் வளர்ந்த ஒரு மட்டி ஒரு நாளைக்கு 40 லீற்றர் வரை வடிகட்டும்.

சரி, அது எப்படிக் குஞ்சு பொரிக்கிறது? எனக்கு எத்தனை தரம் படித்தாலும் வியப்புக் குறையாத இடம் இதுதான். ஆண் மட்டி விந்தைத் தண்ணீரில் விடும், பெண் அதை மூச்சுத் தண்ணீரோடு உள்ளே இழுக்கும், முட்டைகள் அதன் செவுளுக்குள்ளேயே வளரும். வெளியே வரும் குஞ்சு ஒரு மில்லிமீற்றரில் அரைவாசிகூட இருக்காது. அதற்கும் இரண்டு ஓடு உண்டு, எலிப்பொறி மாதிரித் திறந்தபடி இருக்கும். ஒரு மீனின் செவுளோ செட்டையோ பட்டால் டக்கென்று மூடிப் பிடித்துக்கொள்ளும். மீனின் தோல் அதன்மேல் வளர்ந்து மூடிவிட, சில வாரம், சில இனங்களில் பல மாதம், உள்ளேயே இருந்து உருமாறி, அப்புறம் உதிர்ந்து மண்ணில் விழும். பெரும்பாலும் மீனுக்குப் பெரிய கேடில்லை. ஆனால் எல்லா மீனும் உதவாது. பொருந்தாத மீனின் உடம்பு அதைச் சில நாளில் உதறிவிடும். இலட்சக்கணக்கில் வெளியே வருவதில் மீன் கிடைப்பது ஒரு சிலதுக்கு மட்டுமே.

அமெரிக்காவின் லாம்ப்சிலிஸ் வகை மட்டிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கின்றன. தாய் மட்டி தன் தசையின் ஓரத்தைச் சின்ன மீன் வடிவத்தில், கண்ணும் வாலும் வைத்து, வெளியே நீட்டி ஆட்டும். இரை என்று நினைத்துப் பெரிய மீன் கவ்வ வரும்போது வாய் நிறையக் குஞ்சுகளை வாங்கிக்கொண்டு போகும். கண்ணே இல்லாத பிராணி மீனை அச்சாகச் செய்து காட்டுகிறது!

மட்டியைக் காப்பது கடினமாக இருப்பதும் இப்படி மீனை நம்பியிருப்பதால்தான். மிசிசிப்பி ஆற்றில் 1913இல் கியோகுக் என்ற இடத்தில் அணை கட்டினார்கள். ஆற்றில் மேலே ஏறிவந்த ஒரு ஹெரிங் வகை மீன் அதோடு நின்றுபோனது. சட்டைப் பொத்தான் செய்ய அள்ளி எடுக்கப்பட்ட கருங்காலி மட்டியின் குஞ்சுகளைச் சுமந்தது அந்த மீன்தான். அணைக்கு மேலே இருந்த மட்டிகள் உடனே சாகவில்லை, பல பத்தாண்டு உயிரோடு இருந்தன, ஆனால் குஞ்சு இல்லை. ஆற்றில் மட்டி இருக்கிறதே என்று பார்த்தவர்கள் கண்டது கடைசித் தலைமுறையை. அதனால் மட்டி ஆய்வு செய்பவர்கள் எத்தனை மட்டி என்பதோடு எத்தனை சின்ன மட்டி என்றும் எண்ணுகிறார்கள்.

இப்போது பல நாடுகளில் பண்ணையில் வளர்க்கிறார்கள். சினைப்பட்ட தாயிடமிருந்து குஞ்சுகளை எடுத்து, வாளித் தண்ணீரில் கலக்கி, பொருத்தமான மீனை அதற்குள் கொஞ்ச நேரம் நீந்தவிடுவார்கள். சில வாரம் கழித்துத் தொட்டி அடியைச் சல்லடையில் வடித்து, உதிர்ந்தவற்றைப் பொறுக்கி வளர்த்து ஆற்றில் விடுவார்கள். 2023இல் அமெரிக்கா அழிந்துவிட்டதாக அறிவித்த 21 இனங்களில் 8 மட்டிகள். அவற்றுக்கு இந்த வேலை பிந்திவிட்டது.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியது மணல், தண்ணீர் இரண்டையும்தான். குஞ்சு மட்டி மணலுக்குள் புதைந்து வளர்கிறது, மகாவலிக் கரையில் அள்ளுவதும் அதே மணலை. வயலிலிருந்து வடியும் உரத்தின் அமோனியா பெரிய மட்டியைவிடக் குஞ்சை முதலில் கொல்லும். குளத்தை ஒரேயடியாக வற்றவிட்டால் மட்டியால் தண்ணீரைத் தொடர முடியாது, மெல்ல இறக்கினால் ஊர்ந்து தப்பும்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்ததில் ஏழெட்டுப் பெரியவை. ஒன்று மட்டும் என் சுண்டுவிரல் நகத்தளவு. அண்ணனிடம் காட்டினேன், உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூக்கி எறிந்தால் அது புதைய முடியாமல் சாகக்கூடும் என்று சொன்னேன். அவர் முழங்கால் தண்ணீர்வரை இறங்கி, கால் இருக்கிற முனை கீழே வர, அதைச் சேற்றில் நட்டுவிட்டு வந்தார்.